பத்தாயிரம் ரூபாய்க்குள் ஆன்டெனா அனலைசர்: எதை வாங்கலாம், எப்படி அளக்கலாம்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். ஹாம் ரேடியோ உரிமம் புதிதாகக் கைக்கு வந்திருக்கிறது. மொட்டைமாடியில் 40 மீட்டர் பட்டைக்கு (7 மெகாஹெர்ட்ஸ் அருகே) ஒரு டைபோல், அதாவது நடுவில் கேபிள் இணைக்கும் இருபுறக் கம்பி ஆன்டெனா, 2 மீட்டருக்கு (145 மெகாஹெர்ட்ஸ் அருகே) ஒரு செங்குத்து ஆன்டெனா கட்டப் போகிறீர்கள். விடுமுறையில் மலையேறி அங்கிருந்தும் பேச ஆசைப்படுகிறீர்கள். பத்தாயிரம் ரூபாய்க்குள் எந்த அனலைசர் நல்லது, ரேடியோவோடு இணைக்கும் எஸ்டபிள்யூஆர் மீட்டர் ஒன்றே போதாதா என்பது கேள்வி. (எஸ்டபிள்யூஆர் என்பது ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் நிலையலை விகிதம்; 1:1 முழுப் பொருத்தம்.)

நான்கு அங்குலத் திரை கொண்ட நானோ விஎன்ஏ-எச்4 வாங்குங்கள். பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி நல்ல அடாப்டர்களும் ஒரு ஃபெரைட் வளையமும் வாங்குங்கள். மீதிப் பதில் முழுவதும் ஏன் அது, எந்த இடத்தில் அது உங்களைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகும் என்பதைப் பற்றியது. கருவியைத் தேர்ந்தெடுப்பதைவிட அது காட்டும் எண்ணைப் புரிந்துகொள்வதில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள்.

எஸ்டபிள்யூஆர் மீட்டர் போதாதா என்பதை முதலில் பார்ப்போம். அந்த மீட்டர் அளக்க வேண்டுமானால் நீங்கள் ஒலிபரப்பியாக வேண்டும். ஒலிபரப்பும் அதிர்வெண்ணில் மட்டுமே அது அளவு காட்டும். 7.1 மெகாஹெர்ட்ஸில் 3:1 என்று காட்டினால் கம்பி நீளமா குட்டையா என்று அதனால் சொல்ல முடியாது. அனலைசர் மிகச் சிறிய மின்திறனில் தானே சமிக்ஞை அனுப்பி, நீங்கள் சொல்லும் எல்லை முழுவதையும் நொடிகளில் வருடி, ஒத்ததிர்வு (ஆன்டெனா இயல்பாக இசையும் அதிர்வெண்) எங்கே விழுகிறது என்று படமாகக் காட்டிவிடும். உரிமத்தில் அனுமதியில்லாத அதிர்வெண்ணில் ஒத்ததிர்வு இருந்தாலும் அதைப் பார்க்கலாம். ஆன்டெனா முதல்முறை ஏறும்போது பெரும்பாலும் பட்டைக்கு வெளியேதான் ஒத்ததிரும் என்பதால் இது பெரிய வசதி. ஆனால் எஸ்டபிள்யூஆர் மீட்டரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒலிபரப்பும்போது கண்காணிக்க அது வேண்டும். அந்த வேலையை அனலைசர் செய்யாது.

சந்தையில் உள்ளவற்றைப் பார்ப்போம். பல ஆண்டுகள் ஹாம் உலகில் அனலைசர் என்றாலே எம்எஃப்ஜே-259 வரிசைதான். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துத் தயாரிப்பு. 1.8 முதல் 170 மெகாஹெர்ட்ஸ் வரை அளக்கும், பத்து டபுள்-ஏ பேட்டரிகளைத் தின்னும். அந்த நிறுவனம் 2024 மே மாதத்தோடு அங்கே உற்பத்தியை நிறுத்திவிட்டது. பழைய கருவிகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. மலிவாக யாராவது தந்தாலும் இன்று அதை வாங்கச் சொல்ல மாட்டேன். ரியாக்டன்ஸின் (ஆன்டெனா ஒத்ததிர்விலிருந்து விலகும்போது தோன்றும் எதிர்ப்பின்) அளவைக் காட்டும் அந்த வரிசையின் 259பி, அது தூண்டல் பக்கமா மின்தேக்கிப் பக்கமா என்று சொல்லாது. அதன் உள்ளே இருக்கும் உணர்வி அகன்ற பட்டையில் வருகிற எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளும். அருகில் மத்திய அலை ஒலிபரப்புக் கோபுரம் இருந்தால் அதன் ஆற்றல் நீண்ட கம்பி வழியே இறங்கி முள்ளைக் குழப்பிவிடும். நானோ விஎன்ஏ குறுகிய பட்டையில் தன் சமிக்ஞையை மட்டும் தேடி அளப்பதால் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

அடுத்தது உக்ரைன் நாட்டு ரிக் எக்ஸ்பர்ட். கைக்கு அடக்கமான, உறுதியான, வெயிலில் படிக்க எளிதான கருவிகள். தொழிற்சாலையிலேயே அளவீடு சரிசெய்து வருவதால் பெட்டியிலிருந்து எடுத்துக் கேபிளை மாட்டினால் போதும். விலை சில நூறு டாலர்கள். உங்கள் பணத்துக்கு அது எட்டாது. எட்டினாலும் பலரும் வாங்கும் ஏஏ-55 ஜூம் 55 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும். உங்கள் 2 மீட்டர் ஆன்டெனாவை அது பார்க்கவே பார்க்காது. அதற்கு ஏஏ-230 ஜூம் போன்ற மேல்நிலைக் கருவிக்குப் போக வேண்டும். வாக்கி-டாக்கி ஆன்டெனாக்களுக்கென்றே விஎச்எஃப், யூஎச்எஃப் மட்டும் அளக்கும் சிறிய கருவிகளும் கிடைக்கின்றன. அவற்றுக்கு 40 மீட்டர் எட்டாது. இரண்டு பட்டைகளும் ஒரே கருவியில் வேண்டும் என்ற உங்கள் தேவையே பாதித் தேர்வை முடித்துவிடுகிறது.

இனி நானோ விஎன்ஏ. ஜப்பானிய ஆர்வலர் ஒருவர் கிட் வடிவில் உருவாக்கித் திறந்த வடிவமைப்பாக வெளியிட்டது. சீனத்தில் அதை மேம்படுத்தி 2019 வாக்கில் பெருவாரியாகத் தயாரிக்கத் தொடங்கியபோது உலகெங்கும் ஹாம்களின் மேசைக்கு வந்து சேர்ந்தது. வெக்டர் நெட்வொர்க் அனலைசர் (சுருக்கமாக விஎன்ஏ) என்பது அதுவரை ஆய்வுக்கூடங்களில் லட்சக்கணக்கான ரூபாய் விலையில் இருந்த கருவி. அதன் அடிப்படைத் திறன் ஐம்பது அறுபது டாலருக்குக் கையில் கிடைத்தது நம் பொழுதுபோக்கில் ஒரு பெரிய மாற்றம். இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ஆன்டெனாவைக் கண்ணால் பார்த்துக் கட்டும் தலைமுறை இந்தக் கருவியோடுதான் தொடங்கியது.

திறந்த வடிவமைப்பு என்பதால் நகல்களும் ஏராளம். முதலில் வந்த எச் வகைக்கு 2.8 அங்குலத் திரை. 50 கிலோஹெர்ட்ஸிலிருந்து 900 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடும். எச்4 வகைக்கு நான்கு அங்குலத் திரை, பெரிய பேட்டரி, 1.5 ஜிகாஹெர்ட்ஸ் வரை எல்லை. 3 ஜிகாஹெர்ட்ஸ், 6 ஜிகாஹெர்ட்ஸ் என்று விளம்பரப்படுத்தும் வேறு வகைகளும் உண்டு. மைக்ரோவேவ் பட்டைகளில் இறங்கும் எண்ணம் இல்லாதவர் அந்த எண்களுக்குப் பணம் தர வேண்டாம். பின்னால் சேர்த்துக்கொண்டாலும் நீங்கள் அளக்கப் போவதில் உயர்ந்தது 70 சென்டிமீட்டர் பட்டை, அதாவது இந்தியாவில் 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ். இந்த வகைக் கருவிகள் 300 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ஹார்மோனிக் அலைகளை (அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகளை) பயன்படுத்தி அளப்பதால் அங்கே துல்லியம் சற்றுக் குறையும். ஆன்டெனா வேலைக்கு அது போதும். உலோகக் கவசம் வைக்காத மலிவு நகல்களில்தான் அளவு ஆடும். உள்ளே கவசம் இருக்கிறதா, பேட்டரி சேர்ந்து வருகிறதா, ஓபன் (திறந்தது), ஷார்ட் (குறுக்கிணைத்தது), லோடு (50 ஓம்) என்ற மூன்று அளவீட்டு முனைகளும் பெட்டியில் உண்டா என்று விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். விமானப் பார்சலில் அனுப்பச் சிக்கல் என்பதால் பேட்டரி இல்லாமல் விற்பவர்களும் இருக்கிறார்கள்.

இன்னொன்றும் இங்கே சொல்லிவிட வேண்டும். டைனி எஸ்ஏ என்று அதே அளவில், அதே தோற்றத்தில் ஒரு கருவி விற்கிறது. அது ஸ்பெக்ட்ரம் அனலைசர். ஒலிபரப்பியிலிருந்து வெளிவரும் அலைகளைப் பார்க்க அருமையானது, ஆன்டெனாவின் இம்பீடன்ஸை, அதாவது மின்தடையும் ரியாக்டன்ஸும் சேர்ந்த மொத்த எதிர்ப்பை, அளக்க ஏற்றதல்ல. படத்தைப் பார்த்து மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

ஏன் நான்கு அங்குலம் என்று வற்புறுத்துகிறேன் என்றால், மாடியில் நண்பகல் வெயிலில் இந்தத் திரைகள் மங்கலாகத்தான் தெரியும். 2.8 அங்குலத்தில் எழுத்துகள் இன்னும் சிறியவை, தொடுதிரைப் பொத்தான்களை விரலால் தொட்டால் பக்கத்துப் பொத்தானும் அழுந்தும். மலையில் காற்றில் நின்றுகொண்டு அதோடு போராட முடியாது. இரண்டுக்கும் விலை வித்தியாசம் சிறிது. எச்4 பெரும்பாலும் உங்கள் வரம்புக்குள் அடங்கிவிடும்.

கருவி வந்ததும் எல்லோரும் செய்வது, ஆன்டெனாவை மாட்டி முழு எல்லையையும் ஓடவிட்டுப் பார்ப்பது. அதில் ஒன்றும் தெரியாது. காரணம் கணக்கில் இருக்கிறது. 50 கிலோஹெர்ட்ஸ் முதல் 900 மெகாஹெர்ட்ஸ் வரை 101 புள்ளிகளில் அளந்தால் ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் இடையே 9 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி. நம் 40 மீட்டர் பட்டையின் முழு அகலமே 200 கிலோஹெர்ட்ஸ்தான். அது இரண்டு புள்ளிகளுக்கு நடுவே காணாமல் போய்விடும். எல்லையை 5 முதல் 9 மெகாஹெர்ட்ஸ் என்று சுருக்கினால் அதே 101 புள்ளிகளில் இடைவெளி 40 கிலோஹெர்ட்ஸாகிறது. எச்4-இல் 401 புள்ளிகள் வைத்தால் 10 கிலோஹெர்ட்ஸ். எஸ்டபிள்யூஆர் கோட்டின் பள்ளம் எங்கே என்று அப்போது தெளிவாகத் தெரியும்.

எல்லையைக் குறுக்கிய பிறகுதான் அளவீடு சரிசெய்ய வேண்டும். வரிசை மாறக் கூடாது. முதலில் தொடக்க, முடிவு அதிர்வெண்களைக் கொடுங்கள். பிறகு காலிபரேஷன் பட்டியலில் ரீசெட் அழுத்துங்கள். இதை விட்டுவிட்டால் பழைய திருத்தத்தின் மேலேயே புதிய திருத்தம் ஏறி எண்கள் பொருளற்றுப் போகும். பிறகு ஓபன், ஷார்ட், லோடு மூன்றையும் ஒவ்வொன்றாக மாட்டி அழுத்தி, முடித்து, கருவியின் நினைவிடத்தில் (மெமரியில்) சேமியுங்கள். 40 மீட்டருக்கு ஒரு நினைவிடம், 2 மீட்டருக்கு ஒன்று, 70 சென்டிமீட்டருக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் மலையில் இதையெல்லாம் செய்ய வேண்டியிருக்காது. திரையின் இடது ஓரத்தில் ‘சி’ என்னும் ஆங்கில எழுத்து தெரியும். பெரிய எழுத்தாக இருந்தால் நீங்கள் சரிசெய்த எல்லையிலேயே அளக்கிறது. சிறிய எழுத்தாக மாறினால் எல்லை மாறிவிட்டது, கருவி இடைக்கணிப்பு செய்கிறது என்று பொருள். அதைக் கவனிக்காமல் நாள் முழுக்க அளப்பவர்கள் இருக்கிறார்கள்.

கருவியின் வாய் எஸ்எம்ஏ என்னும் சிறிய திருகு இணைப்பான் வகை. உங்கள் கேபிளின் முனை பெரும்பாலும் பிஎல்-259 என்னும் பெரிய இணைப்பான்; அது பொருந்தும் வாய் எஸ்ஓ-239. எனவே எஸ்எம்ஏ-விலிருந்து எஸ்ஓ-239-க்கு மாற்றும் அடாப்டர் கட்டாயம் வேண்டும். பெட்டியில் அது வராது. எஸ்எம்ஏ முனைகள் சில நூறு முறை மாட்டிக் கழற்றவே வடிவமைக்கப்பட்டவை. நேரே கருவியின் வாயில் நாள்தோறும் திருகினால் அது தேய்ந்துவிடும். தரமான எஸ்எம்ஏ ஆண்-பெண் இணைப்பான் ஒன்றை நிரந்தரமாக மாட்டிவிட்டு, தேய்வதெல்லாம் அதிலேயே தேயட்டும் என்று விட்டுவிடுங்கள். பிறகு ஓபன், ஷார்ட், லோடு முனைகளையும் அந்த இணைப்பானின் வெளிமுனையில்தான் மாட்டிச் சரிசெய்ய வேண்டும்.

எங்கே நின்று அளக்கிறோம் என்பதுதான் இந்தப் பதிலின் மையம். ஆன்டெனாவின் காலடியில் அளப்பதும், அறையில் கேபிளின் இந்த முனையில் அளப்பதும் ஒன்றல்ல. கேபிள் இம்பீடன்ஸை உருமாற்றும். அதன் நீளம் சரியாக அரை அலைநீளத்தின் மடங்காக இருந்தால் மட்டுமே ஆன்டெனாவின் உண்மையான எண் அப்படியே கீழே வரும். எஸ்டபிள்யூஆர் மட்டும் இழப்பற்ற கேபிளில் மாறாது. இழப்பு உள்ள கேபிளிலோ அது குறைந்து காட்டும். 30 மீட்டர் ஆர்ஜி-58 கேபிளை எடுத்துக்கொள்ளுங்கள். 2 மீட்டர் பட்டையில் அதன் இழப்பு ஏறத்தாழ 5 டெசிபல். மேல்முனையில் ஆன்டெனாவே இல்லாமல் திறந்துவிட்டாலும் சமிக்ஞை போகும்போது 5, திரும்பும்போது 5 என்று 10 டெசிபல் குறைந்து திரும்பும். கீழே நின்று அளப்பவருக்கு எஸ்டபிள்யூஆர் சுமார் 1.9 என்று தெரியும். ஆன்டெனாவே இல்லை, ஆனால் 2-க்குக் கீழே! இதனால்தான் சொல்கிறேன், 2 மீட்டருக்கு ஆர்ஜி-58 போட்டு அறையிலிருந்து அளந்த எண்ணை நம்பாதீர்கள். உங்கள் கேபிளையே முதலில் அளந்துவிடுங்கள். மேல்முனையைத் திறந்துவிட்டுக் கீழிருந்து ரிட்டர்ன் லாஸ் (திரும்பி வரும் சமிக்ஞை எத்தனை டெசிபல் குறைந்தது என்ற அளவு) பார்த்து, அதில் பாதியை எடுத்தால் கேபிளின் ஒருவழி இழப்பு கிடைத்துவிடும்.

40 மீட்டரில் இழப்பு சிறிது என்றாலும் உருமாற்றம் அப்படியே இருக்கிறது. அதற்கு எளிய வழி உண்டு. கேபிளைக் கருவியில் மாட்டி, ஓபன், ஷார்ட், லோடு மூன்றையும் கேபிளின் மேல்முனையில் மாட்டிச் சரிசெய்தால், கருவி கேபிளையே கணக்கிலிருந்து கழித்துவிடும். பிறகு தெரிவதெல்லாம் ஆன்டெனாவின் எண்.

உங்கள் டைபோலை வைத்தே ஒரு கணக்கு போடுவோம். 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அரை அலை டைபோலின் மொத்த நீளம் மீட்டரில் வரும். 7.1-க்கு 20.14 மீட்டர். கட்டும்போது கொஞ்சம் கூடுதலாக விட்டு 20.60 மீட்டர் வைத்தீர்கள் என்று கொள்வோம். அனலைசரில் ரியாக்டன்ஸ் பூச்சியமாகும் இடம் 6.90 மெகாஹெர்ட்ஸ் என்று காட்டுகிறது. வேண்டியது 7.10. 20.60-ஐ 6.90-ஆல் பெருக்கி 7.10-ஆல் வகுத்தால் 20.02 மீட்டர். 58 சென்டிமீட்டர் குறைக்க வேண்டும், பக்கத்துக்கு 29. வெட்ட வேண்டாம். மடித்து முறுக்கிக் கட்டுங்கள், போதும். வெட்டிய கம்பியை மறுபடி நீட்ட முடியாது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பிகளும் தண்ணீர்த் தொட்டியும் கைப்பிடிச் சுவர்க் குழாயும் ஒத்ததிர்வை நகர்த்தும். அதனால் சூத்திரத்தைத் தொடக்கமாக மட்டும் வைத்து, கம்பி ஏற வேண்டிய உயரத்தில் ஏற்றிவிட்டே அளக்க வேண்டும்.

இப்போது மின்தடை 80 ஓம், ரியாக்டன்ஸ் பூச்சியம் என்று வருகிறது. ரேடியோவும் கேபிளும் எதிர்பார்ப்பது 50 ஓம் என்பதால் எஸ்டபிள்யூஆர் 1.6. இங்கேதான் பலர் கத்தரிக்கோலை எடுக்கிறார்கள். இன்னும் குறைத்தால் 1.1 வரும் என்று எண்ணி வெட்டிக்கொண்டே போவார்கள், ஒத்ததிர்வு மேலே ஓடிவிடும், எஸ்டபிள்யூஆர் கூடும். கம்பியின் நீளம் ரியாக்டன்ஸைத்தான் சரிசெய்யும். 80 ஓமை 50 ஆக்க வேண்டுமானால் உயரத்தையோ கம்பிகளின் கோணத்தையோ மாற்ற வேண்டும். டைபோலை நடுவில் உயர்த்தி இரு முனைகளையும் தாழ்த்தினால் மின்தடை குறையும். ஆனால் 1.6-க்காக அந்தச் சிரமம் தேவையே இல்லை. எஸ்டபிள்யூஆர் 1.5 என்றால் திரும்பி வரும் மின்திறன் 4 சதவீதம், 2 என்றால் 11 சதவீதம். எதிர்முனையில் கேட்பவருக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

திரையில் தெரியும் வட்டப் படம், அதாவது ஸ்மித் வரைபடம், பலரை அச்சுறுத்துகிறது. பெல் ஆய்வுக்கூடப் பொறியாளர் பிலிப் ஸ்மித் 1939-இல் வெளியிட்டது. ஆன்டெனா சரிசெய்ய அதில் ஒன்றே ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும். நடுக்கோட்டுக்கு மேலே தூண்டல், கீழே மின்தேக்கம். கேபிளின் மேல்முனையில் சரிசெய்து அளக்கும்போது, உங்கள் அதிர்வெண்ணின் புள்ளி கோட்டுக்குக் கீழே விழுந்தால் டைபோல் குட்டை, மேலே விழுந்தால் நீளம். நடுக்கோட்டின் மையப்புள்ளி 50 ஓம். இதைப் பழகிவிட்டால் எஸ்டபிள்யூஆர் கோட்டையே பார்க்கத் தோன்றாது.

குறைந்த எஸ்டபிள்யூஆர் நல்ல ஆன்டெனாவுக்குச் சான்றல்ல என்பதையும் மனத்தில் வையுங்கள். ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டி மின்திறனை வெப்பமாக்கும் 50 ஓம் டம்மி லோடு எல்லா அதிர்வெண்ணிலும் 1:1 காட்டும், ஒரு வார்த்தையையும் ஊருக்கு அப்பால் கொண்டுபோகாது. மலையில் தரையோடு நிறுத்தும் கால் அலை செங்குத்துக் கம்பியில் இது நேரடியாக உதவும். அடியிலிருந்து சுற்றிலும் நல்ல ரேடியல் கம்பிகள் விரித்தால் அதன் மின்தடை 36 ஓம் அருகே வர வேண்டும், எஸ்டபிள்யூஆர் 1.4. இரண்டே ரேடியல்களோடு 50 ஓம், 1:1 என்று வந்தால் மகிழ வேண்டாம். கூடுதலாக வந்த 14 ஓம் பெரும்பாலும் மண்ணைச் சூடாக்கும் இழப்பு. ரேடியல்களைக் கூட்டுங்கள். எஸ்டபிள்யூஆர் ஏறும், சமிக்ஞையும் ஏறும். மாடியில் கட்டப்போகும் 2 மீட்டர் ஆன்டெனாவின் கதை வேறு. அங்கே ரேடியல்களைக் கீழ்நோக்கி 45 பாகை சாய்த்தால் இழப்பில்லாமலே 50 ஓம் அருகே வந்துவிடும்.

கருவியைக் கையில் பிடிக்கும்போது ஒரு எண், கீழே வைத்தால் வேறு எண் என்று ஆடினால் கருவியைக் குறை சொல்லாதீர்கள். கேபிளின் வெளிப்புறப் பின்னலில் மின்னோட்டம் ஓடி, கேபிளும் உங்கள் உடலும் ஆன்டெனாவின் பகுதியாகிவிட்டன. டைபோலின் நடுவில் அந்த மின்னோட்டத்தைத் தடுக்கும் ஒரு சோக் வேண்டும். எஃப்டி240-31 ஃபெரைட் வளையத்தில் ஆர்ஜி-58 கேபிளைப் பன்னிரண்டு சுற்று சுற்றினால் 40 மீட்டருக்கு நன்றாக வேலை செய்யும். முதலில் ஃபெரைட் வளையம் என்று சொன்னது இதற்காகத்தான்.

கருவியைக் காப்பாற்ற மூன்று விஷயங்கள் போதும். அனலைசர் மாட்டியிருக்கும்போது அருகிலுள்ள வேறு ஆன்டெனாவிலிருந்து யாரும் ஒலிபரப்பக் கூடாது. நீண்ட கம்பி வறண்ட காற்றிலும் இடிமேகத்தின் கீழும் நிலைமின்சாரம் ஏற்றிவைத்திருக்கும் என்பதால் கேபிளின் நடு ஊசியையும் உறையையும் ஒருமுறை தொடவைத்துவிட்டுப் பிறகே கருவியில் மாட்டுங்கள். எந்தக் காரணத்துக்கும் ரேடியோவின் ஆன்டெனா வாயோடு அதை இணைக்க வேண்டாம், கை தவறி மைக் பொத்தான் அழுந்தினால் உள்ளே இருக்கும் சில்லுகள் அந்த நொடியே போய்விடும்.

ரிக் எக்ஸ்பர்ட் யாருக்கு? மன்றத்தில் பத்துப் பேர் கைமாற்றிப் பயன்படுத்தும் கருவி வேண்டுமென்றால், வெளியிடத்தில் ரேடியோ இயக்கும் கள நாட்களில் கோபுரத்தின் மேல் ஏறி ஒரு கையால் அளக்க வேண்டுமென்றால், அந்தப் பணம் வீணல்ல. அளவீடு சரிசெய்யும் வேலையே அங்கு இல்லை, கேபிளையும் நேராக மாட்டலாம். நீங்கள் தனியாகக் கற்றுக்கொள்ளப் போகிறவர். உங்களுக்கு நானோ விஎன்ஏ தருவது அதிகம். அதன் இரண்டாவது வாயைக் கொண்டு வடிகட்டிகளையும், மலையில் பயன்படுத்தும் முனையூட்டு (ஒரு முனையில் கேபிள் இணைக்கும்) ஆன்டெனாவின் 49:1 மின்மாற்றியையும், சோக்கையும்கூட அளந்து பார்க்கலாம்.

ஆன்டெனா கட்டி முடித்த அன்றே அளவைக் கருவியிலோ, யுஎஸ்பி வழியாகக் கணினியில் நானோ விஎன்ஏ-சேவர் போன்ற இலவச மென்பொருளிலோ சேமித்துத் தேதி எழுதி வையுங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் அதே நினைவிடத்தில் மறுபடி அளந்து ஒப்பிடுங்கள். ஒத்ததிர்வு நகர்ந்திருந்தால் கம்பி தளர்ந்திருக்கலாம், முனை ஏதாவது அறுந்திருக்கலாம். பள்ளம் அகன்று, பட்டைக்கு வெளியிலும் எஸ்டபிள்யூஆர் முன்பைவிடக் குறைந்திருந்தால், கேபிளுக்குள் தண்ணீர் இறங்கி இழப்பு கூடியிருக்கிறது. மேல்முனை இணைப்பானைக் கழற்றிப் பாருங்கள். பின்னல் கறுத்திருந்தால் கறுப்பு முடியும் இடம் வரை வெட்டி எறிந்துவிட்டுப் புதிய இணைப்பான் போட்டு, தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள்.